அகதிகள் யார் பொறுப்பு?

போர் மூண்ட பிறகு பேரம் பேசும் உலகம், முன்கூட்டியே பங்கு பிரித்துக்கொள்ள ஏன் தயங்குகிறது?

தன் பங்குக்கு வரும் ஓர் அகதியை ஏற்க மாட்டேன் என்று சொல்வதற்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விலை வைத்திருக்கிறது: 20,000 யூரோ. 2024 மே மாதம் நிறைவேறிய புதிய குடிவரவு மற்றும் தஞ்ச ஒப்பந்தம் 2026 ஜூன் முதல் நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டது. அதன்படி, இத்தாலி, கிரீஸ் போன்ற கடலோர நாடுகள் தாங்க முடியாமல் தவிக்கும்போது, அங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒரு பகுதியை மற்ற உறுப்பு நாடுகள் அழைத்துக்கொள்ள வேண்டும். மனமில்லாத நாடு தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டலாம், அல்லது வேறு வகையில் கைகொடுக்கலாம். மனிதர்களுக்கு விலை வைப்பதா என்று மனித உரிமை அமைப்புகள் கொதித்தன. ஆளும் வேண்டாம், அபராதமும் கட்ட மாட்டோம் என்று ஹங்கேரியும் போலந்தும் முறுக்கிக்கொண்டன. இந்தச் சண்டைக்கு அடியில் கிடப்பது பழைய கேள்விதான். சொந்த நாட்டில் உயிர்வாழ முடியாமல் ஓடி வருகிறவரை ஏற்கும் கடமை எந்த நாட்டுடையது?

சட்டத்தைப் புரட்டினால் பாதி விடைதான் கிடைக்கும். 1951-ல் ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கையும், அதன் வரம்பை உலகம் முழுமைக்கும் விரித்த 1967 நெறிமுறையும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது. 33-ஆவது பிரிவு அது. ஆனால் யார் எல்லைக்குள் அவர் காலடி வைத்தாரோ அந்த நாட்டைத்தான் அந்தப் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எங்கோ தொலைவில் இருக்கும் இன்னொரு நாடு அந்தச் சுமையில் எவ்வளவு தாங்க வேண்டும் என்பது பற்றி உடன்படிக்கையின் பிரிவுகளில் ஒரு வரி கூட இல்லை. தஞ்சமளிப்பது சில நாடுகள் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றக்கூடும், எனவே சர்வதேச ஒத்துழைப்பு வேண்டும் என்று முகவுரையில் ஒரு நல்லெண்ணம் உண்டு. அதோடு சரி.

சட்டம் விட்ட இடத்தைப் பூகோளம் நிரப்பிக்கொண்டது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்குப்படி, 2024 இறுதியில் உலகில் 4.27 கோடி அகதிகள் இருந்தார்கள். அவர்களில் 67 சதவீதத்தினர் தங்கள் நாட்டுக்கு அடுத்த நாட்டிலேயே தங்கியிருந்தார்கள். 73 சதவீதத்தினரைத் தாங்கியவை நடுத்தர, ஏழை நாடுகள். ஈரானில் 35 லட்சம், துருக்கியில் 29 லட்சம், கொலம்பியாவில் 28 லட்சம், உகாண்டாவில் 18 லட்சம். பணக்கார நாடுகளில் இந்த வரிசைக்கு வரக்கூடியது 27 லட்சம் பேரைக் கொண்ட ஜெர்மனிதான். சூடான் போரிலிருந்து தப்பியவர்கள் போய் விழுந்த சாட், உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்று. அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள். அதே 2024-ல் முதல் நாட்டிலிருந்து மூன்றாவது நாடு ஒன்றுக்கு முறைப்படி மீள்குடியமர்த்தப்பட்டவர்கள் 1,88,800 பேர். ஆயிரம் அகதிகளில் ஐந்து பேருக்குக்கூட அந்த வாய்ப்பு இல்லை.

இது அநியாயம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நியாயம் பேசி எந்த நாட்டின் எல்லையும் திறந்ததில்லை. ஆகவே இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. தொலைவில் இருக்கும் நாடுகள் தங்கள் பங்கை ஏற்கும் என்ற உறுதி இருக்கும்வரைதான் பக்கத்து நாடு தன் கதவைத் திறந்து வைத்திருக்கும். அந்த உறுதி போனால் முதல் கதவும் மூடும். மூடிய பிறகு கிளம்பும் படகுகள் பணக்கார நாடுகளின் கரையில்தான் ஒதுங்கும். அகதிகளைப் பங்கிட்டுக்கொள்வதைத் தர்மக் கணக்கில் எழுத வேண்டியதில்லை. ஏற்கும் நாடுகளின் தன்னலக் கணக்கிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

திறந்த கதவுகள், மூடிய கதவுகள்

1956 நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தபோது ஹங்கேரியிலிருந்து சுமார் இரண்டு லட்சம் பேர் ஓடினார்கள். பெரும்பகுதியினர் நுழைந்தது ஆஸ்திரியாவுக்குள். நான்கு வல்லரசுகளின் ராணுவங்கள் வெளியேறி ஓராண்டுதான் ஆகியிருந்த, சுமார் 70 லட்சம் மக்கள்தொகை கொண்ட நாடு அது. ஆஸ்திரியா எல்லையை மூடவில்லை. வந்தவர்களை அழைத்துப் போக ரயில்களும் விமானங்களும் உடனே வரத் தொடங்கியது அதற்கு முக்கியக் காரணம். சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 1,80,000 பேர் 37 நாடுகளில் குடியமர்ந்தார்கள். பின்னாளில் அகதி எதிர்ப்பின் முகமாகிவிட்ட ஹங்கேரி, அன்று உலகம் பங்கிட்டுக்கொண்ட அகதிகளின் தாயகம்.

நேர்மாறான பாடம் 1979-ல் கிடைத்தது. வியட்நாமிலிருந்து படகுகளிலும், கம்போடியாவிலிருந்து கால்நடையாகவும் மக்கள் வந்து குவிந்தார்கள். மேற்கு நாடுகள் அழைத்துப் போன எண்ணிக்கையோ வந்தவர்களின் எண்ணிக்கைக்கு அருகில்கூட இல்லை. ஜூன் மாதம் தாய்லாந்து ராணுவம் 40,000-க்கும் மேற்பட்ட கம்போடியர்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போய், பிரெயா விகார் மலைச்சரிவில் எல்லைக்கு அப்பால் இறக்கித் தள்ளியது. கீழே கண்ணிவெடி வயல். மலேசியா படகுகளைக் கடலுக்கே இழுத்துச் சென்று விட்டது. மாத இறுதியில் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து நாடுகளும், இனி யாரையும் ஏற்க முடியாது என்று கூட்டாக அறிவித்தன. அதன் பிறகுதான் உலகம் விழித்தது. ஜூலையில் ஜெனீவாவில் 65 அரசுகள் கூடின. மீள்குடியமர்த்த முன்வந்த இடங்கள் 1,25,000-லிருந்து 2,60,000 ஆக உயர்ந்தன. அதற்கு ஈடாக, படகுகளைத் துரத்துவதைப் பெருமளவு நிறுத்தித் தற்காலிகத் தஞ்சம் தர அந்த நாடுகள் இசைந்தன. அடுத்த பல ஆண்டுகளில் இந்தோசீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரான்ஸிலும் வேர்பிடித்தார்கள். ஜூலையில் செய்ததை மே மாதமே செய்திருந்தால், அந்த மலைச்சரிவில் மாண்டவர்கள் மாண்டிருக்க வேண்டியதில்லை.

1999-ல் கொசோவோவிலும் இதே கணக்குதான். இருபது லட்சம் மக்கள் கொண்ட மாசிடோனியா, பிளாட்ஸே எல்லைச் சாவடியில் பல்லாயிரம் பேரைச் சேற்றில் நிறுத்தி வைத்தது. வந்தவர்களை விமானத்தில் ஏற்றி வேறு நாடுகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் தொடங்கிய பிறகே வழி விட்டது. 28 நாடுகள் 90,000-க்கும் மேற்பட்டோரை அழைத்துக்கொண்டன.

சிரியா விஷயத்தில் இந்தப் பாடங்கள் மறந்துபோயின. 2014 இறுதிக்குள் லெபனானில் பதிவு செய்த சிரிய அகதிகள் மட்டும் 11 லட்சத்தைத் தாண்டினார்கள்; அந்த நாட்டு மக்களில் நான்கு பேருக்கு ஒருவர் என்ற விகிதம். வெளியிலிருந்து வந்த மீள்குடியமர்வு இடங்கள் சொற்பம். 2015 ஜனவரியில் லெபனான் சிரியர்களுக்கு நுழைவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது; மே மாதத்தில் புதிய பதிவையே நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு, நிதி வராததால் உலக உணவுத் திட்டம் அகதிகளின் உணவு உதவியை வெட்டியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குள் நுழைந்ததும் அந்த 2015-ல்தான். படகேறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அருகில் இருந்த நாடுகளில் வாழ வழி அடைபட்டதை ஒதுக்கிவிட்டு அந்த ஆண்டை விளக்க முடியாது. பங்கிட மறுத்து ஐரோப்பா மிச்சம் பிடித்தது என்று நினைத்தது, பல மடங்காகத் திரும்பி வந்தது.

நம் வங்கக் கடலிலும் இது நடக்கிறது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்குள் ஓடி வந்தார்கள். காக்ஸ் பஜார் முகாம்களில் ஒரு நபருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவி, 2023-ல் நிதிப் பற்றாக்குறையால் 8 டாலராகக் குறைந்தது. அந்த ஆண்டு சுமார் 4,500 ரோஹிங்கியாக்கள் கடலில் இறங்கினார்கள். அவர்களில் 569 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

எந்த அளவுகோலில் பங்கிடுவது?

பங்கு என்றால் எவ்வளவு என்ற கேள்வி வரும். இதற்கு நடைமுறையில் தேறிய விடை ஒன்று ஜெர்மனிக்குள்ளேயே இருக்கிறது. தஞ்சம் கேட்டு வருகிறவர்களை 16 மாநிலங்களுக்கும் பிரித்தனுப்ப அவர்கள் பயன்படுத்துவது 'கோனிக்ஸ்டைன்' சூத்திரம். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான செலவை மாநிலங்கள் பகிர்ந்துகொள்ள 1949-ல் போட்ட ஏற்பாட்டிலிருந்து பிறந்தது அது. மாநிலத்தின் வரி வருவாய்க்கு மூன்றில் இரண்டு பங்கு எடை, மக்கள்தொகைக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிடுகிறார்கள். பெரிய மாநிலமான நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியாவுக்கு ஏறத்தாழ 21 சதவீதம், குட்டி மாநிலமான பிரேமனுக்கு ஒரு சதவீதம். 2015, 2016 ஆண்டுகளில் தஞ்ச விண்ணப்பங்கள் பத்து லட்சத்தைத் தாண்டியபோதும் இந்தச் சூத்திரம் நின்றது. மாநில முதல்வர்கள் பணம் போதவில்லை என்று பெர்லினோடு சண்டை போட்டார்கள். எண்களை மொத்தமாகக் குறைக்கச் சொன்னார்கள். ஆனால் தன் பங்கை வாங்க மாட்டேன் என்று சொல்ல எந்த மாநிலத்துக்கும் வழி இருக்கவில்லை. கணக்கு நெருக்கடிக்கு முன்பே போடப்பட்டிருந்தது.

அதே நேரத்தில் ஐரோப்பிய ஒன்றியம் எதிர்வழியில் போனது. முதலில் கால் வைத்த நாடே பொறுப்பு என்ற டப்ளின் விதியைப் பல ஆண்டுகள் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, தீ பரவிய பிறகு, 2015 செப்டம்பரில், இத்தாலியிலும் கிரீஸிலும் இருந்து 1,60,000 பேரைப் பங்கிட முடிவெடுத்தது. ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா, ருமேனியா ஆகியவை எதிர்த்து வாக்களித்தும் பெரும்பான்மை பலத்தில் நிறைவேற்றினார்கள். கடைசியில் இடம் மாற்றப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர். போலந்தும் ஹங்கேரியும் செக் நாடும் சட்டத்தை மீறின என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதற்குள் திட்டமே காலாவதியாகிவிட்டது. பங்கீடு என்ற எண்ணமே இங்கே தோற்றுவிட்டது என்று சொல்வது அவசரம். நெருக்கடிக்கு நடுவில், தோற்றவர்களின் தலையில் சுமத்திய பங்கீடுதான் தோற்றது. மழை வருவதற்கு முன் ஏரிக்கரையைப் பலப்படுத்தாதவன், வெள்ளத்தில் நின்றுகொண்டு மண்வெட்டிக்குச் சண்டை போட்ட கதை அது.

போரை மூட்டிய நாடுதான் ஏற்க வேண்டும் என்று ஒரு வலுவான குரல் உண்டு. வியட்நாமியர்களை அமெரிக்கா ஏற்றதில் அந்தக் கடன் உணர்ச்சி இருந்தது. இராக் போருக்குப் பிறகும் அந்தக் கேள்வி எழுந்தது. அறநோக்கில் இதை மறுக்க முடியாது. விதியாக வைக்கத்தான் முடியாது. சூடானில் இரு தளபதிகளின் மோதலுக்கும், மியான்மர் ராணுவத்தின் கொடுமைக்கும் எந்த நாட்டின் மீது பழி போட்டு, எந்த நீதிமன்றத்தில் நிரூபித்து, எப்போது அகதிக்கு இடம் வாங்கித் தருவது? குற்றவாளியைக் கண்டுபிடிக்கும்வரை குழந்தை எல்லையில் காத்திருக்காது. வருவாயும் மக்கள்தொகையும் யாரும் மறுக்க முடியாத எண்கள். தொடக்கப்புள்ளி அதுவாகட்டும், குற்றமுள்ள நாடு கூடுதலாக ஏற்கட்டும்.

எதிர்வாதங்கள்

அகதி பக்கத்து நாட்டில் இருப்பதே நல்லது, மொழியும் பண்பாடும் ஒத்துப்போகும், செலவும் குறைவு, அமைதி திரும்பினால் ஊர் திரும்புவதும் எளிது என்பது முதல் எதிர்வாதம். குறுகிய காலத்துக்கு இது சரி. 1971-ல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு கோடிப் பேரில் பெரும்பாலோர், போர் முடிந்து சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். ஆனால் எல்லாப் போர்களும் பதின்மூன்று நாளில் முடிவதில்லை. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இந்தியா வந்தார்கள். மொழி ஒன்று, உணவு ஒன்று, கும்பிடும் சாமியும் ஒன்று. கல்விக்கும் மாதாந்திர உதவிக்கும் வீட்டுக்கும் தமிழக அரசுகள் செலவிட்டன. ஆனாலும் சுமார் 58,000 பேர் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் முகாம் பதிவேட்டில் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் குடியுரிமை கைக்கு எட்டவில்லை. அதே போரிலிருந்து தப்பி, பனியும் வேற்று மொழியும் நிறைந்த டொராண்டோவுக்குப் போனவர்கள் அந்த நாட்டுக் குடிமக்களாகி, நாடாளுமன்றம்வரை போய்விட்டார்கள். ஒரு மனிதர் வேரூன்றப் பண்பாட்டு நெருக்கத்தை விடச் சட்ட உரிமை பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முதலில் சென்ற பாதுகாப்பான நாட்டிலேயே அகதி நின்றுவிட வேண்டும் என்பது இரண்டாவது. 1951 உடன்படிக்கையில் அப்படி ஒரு கட்டளை இல்லை. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அருகில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அவர்கள் கப்பலேறியது மேற்கு ஜெர்மனியில் என்பது தெரியவந்ததும் கனடாவில் எதிர்ப்பு கிளம்பியது. பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. முதல் நாட்டோடு பொறுப்பு முடிந்தது என்ற விதியை எல்லோரும் பிடித்துக்கொண்டால், போருக்குப் பக்கத்தில் இருப்பதே ஒரு நாடு செய்த குற்றமாகிவிடும்.

ஆட்கள் வேண்டாம், பணம் தருகிறோம் என்பது மூன்றாவது; கேட்க மிகவும் நியாயமாகத் தோன்றுவதும் இதுதான். பணம் தேவை. உகாண்டாவைப் போல அகதிகளுக்கு நிலமும் வேலை உரிமையும் தரும் ஏழை நாட்டுக்கு அது உயிர்நாடி. ஆனால் பணம் மட்டும் போனால், அகதி பேரப் பொருளாகிவிடுவார். 2016 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோடு 600 கோடி யூரோ ஒப்பந்தம் போட்டது. 2020 பிப்ரவரி இறுதியில் அதிபர் எர்டோகன் ஐரோப்பாவுக்கான எல்லைக் கதவைத் திறந்துவிட்டதாக அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் கிரேக்க எல்லையில் கண்ணீர்ப் புகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். காவல்காரனுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள், அவன் கூடுதல் சம்பளம் கேட்கும் நாளுக்கும் தயாராக இருக்க வேண்டும். நன்கொடையும் நிலையற்றது, கொடுக்கும் நாட்டில் ஆட்சி மாறினால் முகாமில் அரிசி குறையும். ஆட்களை ஏற்பதும் அப்படித்தான்: அகதிகளை அனுமதிக்க அமெரிக்கா 1,25,000 வரை வைத்திருந்த ஆண்டு உச்சவரம்பை, 2026 நிதியாண்டுக்கு 7,500 ஆக வெட்டியது. ஒரே நாட்டின் தாராளத்தை நம்பிய ஏற்பாடு எவ்வளவு வேகமாகச் சரியும் என்பதை அது காட்டிவிட்டது.

கடைசி எதிர்வாதம் மக்களாட்சியின் பெயரால் வருகிறது: உள்நாட்டு மக்கள் விரும்பாதபோது எந்த அரசு கதவைத் திறக்கும்? இதை ஏளனம் செய்ய முடியாது. வீட்டு வாடகை, பள்ளி, மருத்துவமனை வரிசை எல்லாம் வாக்காளரின் நிஜக் கவலைகள். 2015-க்குப் பிந்தைய ஜெர்மனியில் வலதுசாரிக் கட்சி வளர்ந்ததும் நிஜம். ஆனால் வாக்காளரை மிரட்டுவது எண்ணிக்கை மட்டுமல்ல, கட்டுப்பாடே இல்லை என்ற தோற்றமும்தான். 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம், 2001 முதல் ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை முதன்முறையாக உயிர்ப்பித்து, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியர்களுக்கு வாழவும் வேலை பார்க்கவும் உரிமை தந்தது. 2015-ஐ விடப் பல மடங்கு எண்ணிக்கை. குழப்பம் அதைவிடக் குறைவு. நிறமும் மதமும் அந்த வரவேற்பில் பங்கு வகித்தன, உண்மை. சட்டம் தயாராக இருந்ததும் பங்கு வகித்தது. கனடாவில் 1979 முதல் தனியார் குழுக்களே பொறுப்பேற்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரை அழைத்து வந்திருக்கின்றன. எத்தனை பேர், எப்போது, யார் செலவில் என்பது முன்பே தெரிந்தால் அச்சம் குறைகிறது.

பிடித்த அகதி, பிடிக்காத அகதி

1938 ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, ஹிட்லரிடமிருந்து தப்பும் யூதர்களை யார் ஏற்பது என்று விவாதித்தன. எல்லோரும் அனுதாபப்பட்டார்கள், பெரிய எண்ணிக்கையில் இடம் தர முன்வந்தது டொமினிக்கன் குடியரசு மட்டும்தான். யாரோடு உறவு உண்டோ அவரை மட்டும் ஏற்பது என்று ஒவ்வொரு நாடும் முடிவெடுத்தால், உறவில்லாதவருக்கு உலகில் இடம் இருக்காது. இந்தக் குறை இன்று அமெரிக்காவில் உண்டு, ஐரோப்பாவில் உண்டு, இந்தியாவிலும் உண்டு. இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. தனியாக அகதிகள் சட்டமும் இயற்றவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பெயர் சொல்லி, இலங்கைத் தமிழரையும் ரோஹிங்கியாக்களையும் வெளியே நிறுத்தியது. தன் எல்லையில் ஒரு கோடிப் பேரைத் தாங்கிய வரலாறு இந்தியாவுக்கு உண்டு. 1971-ல் இந்திரா காந்தி மேற்குத் தலைநகரங்களுக்குப் போய், இது இந்தியாவின் பாரம் மட்டுமல்ல, உலகத்தின் பாரம் என்று வாதிட்டார். அன்று உலகம் செலவில் ஒரு பகுதியைத்தான் ஏற்றது. இந்த விவாதத்தில் இந்தியாவின் குரலுக்குத் தகுதி அதிகம். சட்டம் இல்லாததால் வலு குறைவு.

யார் இதை அமல்படுத்துவது என்று கேட்கலாம். உலக அரசு இல்லை. 2018 டிசம்பரில் 181 நாடுகள் ஆதரித்த ஐ.நா. அகதிகள் உடன்பாடும் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 1956-லும் 1979-லும் 1999-லும் பங்கிட்ட நாடுகளுக்குப் பனிப்போரும் நேட்டோவும் காரணமாக இருந்தன என்பதும் சரியே. அப்படியென்றால் நாடுகள் தன்னலம் தெரிந்த இடத்தில் பங்கிடுகின்றன என்றுதான் பொருள். அந்தத் தன்னலம் இன்றும் இருக்கிறது: படகுகள் வரக் கூடாது என்று விரும்பாத பணக்கார நாடு எதுவும் இல்லை. அந்த நாடுகளில் பத்துப் பதினைந்து சேர்ந்து, வருவாயையும் மக்கள்தொகையையும் வைத்து ஆண்டு ஒதுக்கீட்டை இப்போதே எழுதிக்கொள்ளலாம். போர் மூளும் நாளில் பக்கத்து நாட்டிடம் போய், நீ கதவைத் திறந்து வை, இத்தனை பேரை நாங்கள் அழைத்துக்கொள்கிறோம் என்று சொல்லலாம். பணம் கட்டி ஒதுங்கும் வழியும் இருக்கட்டும். ஆனால் மொத்தப் பங்கையும் பணமாக மாற்ற எந்த நாட்டுக்கும் அனுமதி கூடாது. ஐரோப்பாவின் 20,000 யூரோ ஏற்பாட்டின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது: எல்லோரும் விலையைக் கட்டிவிட்டால், அழைத்துக்கொள்ள ஒரு நாடும் மிஞ்சாது. எந்த நாடு ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு எல்லா நாடுகளும், அளவோடு, முன்கூட்டியே என்பதுதான் விடை. அந்த விடையைத் தள்ளிப்போடும் அரசுகள் கேள்வியிலிருந்து தப்புவதில்லை. அடுத்த போரின்போது அவற்றுக்குக் கிடைப்பது, இதே கேள்வியும் இன்னும் மோசமான தேர்வுகளும்தான்.